கிடப்பில் போட்ட எட்டுப் பாட்டு

ஆல்பத்தைக் கிடப்பில் போடலாம் என்று அவர் சொன்ன அன்று நான் அவருக்கு நன்றி சொன்னேன். இப்போது நினைத்தாலும் வயிறு எரிவது அதற்காகத்தான்.

அப்போது எனக்கு ஏழாம் மாதம். காரைக்குடி செக்காலையில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே, மாடி அறைதான் எங்கள் ஸ்டுடியோ. சுவர் முழுக்க முட்டைத் தட்டு அட்டைகளையும் பழைய மெத்தைகளையும் ஒட்டி வைத்திருந்தோம். கீழே யாராவது அண்டா வாங்க வந்து தட்டிப் பார்த்தால் மேலே பதிவை நிறுத்திவிட்டு, அவர் வாங்கிக்கொண்டு போகிறவரை காத்திருக்க வேண்டும்.

நாங்கள் மூன்று பேர். ஆல்பத்தைக் கிடப்பில் போடச் சொன்னவர் கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் சீனியர், கோயம்புத்தூர்க்காரர். படிக்க வந்தவர், கல்யாண வீடுகளுக்கு வீடியோவும் ஆடியோவும் எடிட் செய்து கொடுத்துக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். கம்ப்யூட்டரில் தாளம் போடுவது, இசை கோர்ப்பது, மிக்ஸிங் எல்லாம் அவர் வேலை. அவர் மனைவி சென்னைப் பெண். கீபோர்டு வாசிப்பார், நன்றாகவும் பாடுவார். நான் அவர்களை அண்ணே, அண்ணி என்பேன். மெட்டும் வரியும் என்னுடையவை. எனக்கு எந்த வாத்தியமும் வராது. சமைத்துக்கொண்டே வாயால் பாடி, போனில் பதிந்து அனுப்புவேன். அவர்கள் அதைப் பாட்டாக்குவார்கள்.

இரண்டு வருடத்தில் எட்டுப் பாட்டு. சினிமாவுக்காக இல்லை, தனி ஆல்பம். காரைக்குடியில் இருந்து வெளியூர் வேலைக்குக் கிளம்பும் ஒரு பெண்ணின் எட்டு நாட்கள், நாளுக்கு ஒரு பாட்டு. எட்டையும் நானே பாடியிருந்தேன். மிக்ஸிங் மட்டும்தான் பாக்கி.

"தங்கச்சி, இதை இப்போதைக்குக் கிடப்புல போட்டுரலாம். நீ ஒடம்பப் பாரு. குழந்தை பொறக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார் அண்ணன்.

நான் கண் கலங்கி, "ரொம்ப நன்றிண்ணே" என்றேன். வீட்டில் மாமியாரிடம் சொன்னபோது அவரும், "பாரு, கூடப் பொறந்தவன் மாதிரி யோசிச்சிருக்கு அந்தப் புள்ள" என்றார். எனக்கு அது பெருமையாக இருந்தது.

மகளுக்கு எட்டு மாதமானபோது, தெரிந்த பெண் ஒருத்தி வாட்ஸாப் ஸ்டேட்டஸில் யாருடையதோ கல்யாண அழைப்பு வீடியோவை வைத்திருந்தாள். தென்னந்தோப்பில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஓடினார்கள். பின்னால் ஓடியது என்னுடைய இரண்டாவது பாட்டு. வரியை மாற்றியிருந்தார்கள், மெட்டு அப்படியே இருந்தது. கடைசியில் இரண்டு பெயர்கள் வந்தன. பாடல், இசை என்று அண்ணன் பெயர். குரல் என்று அண்ணி பெயர்.

நான் உடனே கோபப்படவில்லை. என் சுபாவம் அது. முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். ஒருவேளை வேறு மெட்டோ? பிள்ளைக்குப் பால் கொடுத்துக் கொடுத்து மூளை மழுங்கிவிட்டதோ? ஆறு தடவை கேட்டேன். பிறகு போன் செய்தேன்.

"ஆமா தங்கச்சி, நம்ம பாட்டுதான். ஆல்பம் சும்மாதானே தூங்கிட்டு இருக்கு? ஒரு நல்ல காரியத்துக்கு ஆகட்டுமேன்னு எடுத்தேன்."

"எம் பேரு வரலையேண்ணே."

"நீ கைக்கொழந்தைய வச்சுட்டு இருக்க. பேரைப் போட்டா ஆளாளுக்கு உனக்கு போன் பண்ணுவாங்க. உனக்கு எதுக்கு அந்தத் தொந்தரவு?"

அதற்கும் நான் "சரிண்ணே" என்றேன். அந்த ஒரு வார்த்தையை என் வாயில் இருந்து பிடுங்கிப் போட்டால் தேவலை.

விசாரித்ததில், எட்டில் நான்கு பாட்டுகள் அப்படி ஒவ்வொரு வீட்டுக்காகப் போய்விட்டிருந்தன. என்னிடம் ஒரு பதிவும் இல்லை. வாயால் பாடிப் பதிந்த பழைய போனை, புதுசு வாங்கும்போது கடையிலேயே கொடுத்துவிட்டேன். எல்லாம் அவருடைய ஹார்ட் டிஸ்கில் இருந்தது. எனக்கு ஒரு காப்பி வேண்டும் என்று மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் "அண்ணி ஊர்ல இருந்து வரட்டும்" என்றார்.

என் கணவருக்கு சிவகங்கை கோர்ட்டில் குமாஸ்தா வேலை. அவரிடம் சொன்னேன்.

"எழுதி வாங்கினியா?"

"அண்ணன் தங்கச்சிக்குள்ள என்னத்தங்க எழுதி வாங்குறது?"

"அங்க வர்ற கேஸெல்லாம் அண்ணன் தங்கச்சி கேஸுதான்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

அடுத்து நடந்தது சின்ன விஷயம். ஆனால் அது நடக்காவிட்டால் மற்றது எதுவும் நடந்திருக்காது. ஒரு நாள் காலை பின்கட்டில் மகளைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டே நாலாவது பாட்டை முணுமுணுத்தேன். எட்டில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அந்தப் பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு இறங்கும் நாள்.

பெட்டியைக் கட்டிட்டேன், பஸ்ஸும் வந்துருச்சு
பின்னாடி பாக்காம போகச் சொல்லுங்க

மாமியார் சோப்பை எடுத்து நீட்டப் போனவர் அப்படியே நின்றார்.

"பச்சப்புள்ளைக்கு என்னத்தப் பாடுற நீயி?"

"ஆல்பத்துல உள்ள பாட்டு அத்தை."

"என்ன கருமத்து ஆல்பமோ. அது எழவு வீட்டு மெட்டுல்ல? நிறுத்து மொதல்ல."

அவர் சொன்னது சரி. அந்த மெட்டை நான் கண்டரமாணிக்கத்தில் என் பெரியப்பா இறந்தபோது கேட்டேன். அழ வந்த பெண்களில் ஒருவர் பாடியது. மெட்டு இந்தப் பக்கம் எல்லா ஊருக்கும் பொதுவானதுதான். ஆனால் மூன்றாம் அடியில் எல்லாரும் குரலைக் கீழே இறக்கும் இடத்தில் அந்த அம்மா இறக்காமல், அந்தரத்தில் நிறுத்தி, மூச்சு வாங்கினார். அந்த நிறுத்தத்தை நான் எடுத்துக்கொண்டேன். வேகத்தைக் கூட்டி மேலே தாளமும் போட்டதால் அடையாளம் தெரியாது என்று நம்பியிருந்தேன். தாளத்தை எடுத்துவிட்டால் இரண்டு அடியிலேயே தெரிந்துவிடும் என்பது அன்று பின்கட்டில்தான் எனக்குப் புரிந்தது.

பத்து நாள் கழித்து அண்ணனே கூப்பிட்டார். பெரிய ஆச்சி வீட்டுக் கல்யாணம். பெண்ணை மணவறைக்கு அழைத்து வரும்போது ஒலிக்க ஒரு பாட்டு வேண்டும். நகரத்தார் தாலியான கழுத்துரு, அதைக் கட்டும் திருப்பூட்டு என்று அவர்கள் சடங்குச் சொற்கள் அதில் வர வேண்டும். அது அவருக்கோ அண்ணிக்கோ எழுத வராது.

"உன்னாலதான் தங்கச்சி முடியும். மெட்டு கூட ரெடி. நம்ம நாலாவது பாட்டு. அண்ணியும் நானும் சேர்ந்து போட்ட மெட்டுன்னு ஆச்சிகிட்டச் சொல்லிட்டேன், நீ ஒண்ணும் நெனைச்சுக்காத."

 மகள் என் தாலிச் சரட்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"மெட்டுல ஒண்ணும் பிரச்சினை இல்லையே?" என்று அவரே கேட்டார். உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல வாசல் கிடைக்காது.

"ஒரு பிரச்சினையும் இல்லண்ணே" என்றேன்.

இரண்டு நாளில் எழுதிக் கொடுத்தேன். நன்றாக எழுதினேன். வேண்டுமென்றே நன்றாக எழுதினேன். வரியில் குறை சொல்லி யாரும் மெட்டை மாற்றிவிடக் கூடாதே.

அந்த நாட்களில் நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். பாலைக் காய்ச்சும்போது சொல்லிவிடலாம் என்று தோன்றும். பால் பொங்குவதற்குள் ஏன் சொல்ல வேண்டும் என்று தோன்றும். இன்னொரு வீட்டுப் பெண் மணவறைக்கு வரும் நேரத்தில் ஒப்பாரி மெட்டைப் போட்டுவிட்டால் அந்தப் பாவம் யார் தலையில் விடியும்? என் மகள் தலையிலா? சரி, என் மகள் வயிற்றில் இருந்தபோது என் பாட்டை எடுத்தாரே, அந்தப் பாவம் எங்கே போனது?

கல்யாணப் பெண் ஒரு முறை என்னிடம் போனில் பேசினாள். வரியில் ஒரு சந்தேகம் கேட்க அண்ணன் என் நம்பரைக் கொடுத்திருந்தார். "அக்கா, ரொம்ப அழகா எழுதியிருக்கீக. எங்க அப்பச்சி இருந்திருந்தா மனப்பாடமே பண்ணியிருப்பாக" என்றாள். போனை வைத்த பிறகு எனக்குக் காய் நறுக்கக் கை ஓடவில்லை. ஆனாலும் அவளைத் திரும்ப அழைக்கவில்லை.

கல்யாண நாள்வரை விடக் கூடாது என்று மட்டும் முடிவு செய்தேன். அதற்கு ஒரு வழி இருந்தது. அந்த வீட்டில் பூ, பலகாரம், பாட்டு எதுவானாலும் வீட்டுப் பெண்கள் முன்கூட்டியே பார்த்து, கேட்டு, சரி என்று சொன்னால்தான் உள்ளே வரும். கல்யாணத்துக்கு ஆறு நாள் முன்னால் பாட்டைக் கேட்க எல்லாரும் கூடுகிறார்கள் என்று அண்ணன் சொன்னார். "நீ வர வேண்டாம் தங்கச்சி, குழந்தைய வச்சுட்டு எதுக்கு அலையற" என்றும் சொன்னார்.

நான் மகளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் போனேன்.

பெரிய கூடத்தில் ஜமுக்காளம் விரித்து பதினைந்து இருபது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும் தட்டுத் தட்டாகப் போய்க்கொண்டிருந்தன. பெண்ணின் அம்மாவான ஆச்சி ஒரு நாற்காலியில் இருந்தார். என்னைப் பார்த்ததும் அண்ணன் முகம் மாறியது. அண்ணி மட்டும் நகர்ந்து இடம் கொடுத்தார்.

பாட்டை ஸ்பீக்கரில் போட்டார்கள். இளம் பெண்கள் கை தட்டினார்கள். கல்யாணப் பெண் தூண் ஓரமாக நின்று போனில் வீடியோ எடுத்தாள். பெரியவர்களும் தலையை ஆட்டினார்கள். மேளமும் கிடாரும் என் மெட்டை முழுதாக மூடியிருந்தன. ஒருவருக்கும் தெரியவில்லை. மூன்று வாரமாக நான் கட்டி வைத்தது ஒன்றுமில்லாமல் போயிற்று.

"நல்லாத்தான் இருக்கு. சத்தத்தை மட்டும் கொஞ்சம் கொறைங்கப்பா. எனக்கு இன்னும் காது கேக்குது" என்றார் ஆச்சி. எல்லாரும் சிரித்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார். "நீ யாரு ஆத்தா? எங்குட்டு இருந்து வார?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சொன்னார். "நமக்கு எழுத்துல ஒத்தாசை பண்ற பொண்ணுங்க, ஆச்சி."

ஒத்தாசை.

"அப்படியா? வரி எனக்குச் சரியாக் காதுல விழுகலை. மிஷின் இல்லாம, வாயால ஒரு தரம் பாடிக் காட்டு ஆத்தா" என்றார் ஆச்சி.

என்னால் அதை வேகமாகப் பாடியிருக்க முடியும். சிரித்துக்கொண்டே, தொடையில் தாளம் தட்டி, ஒருவருக்கும் சந்தேகம் வராமல் பாடியிருக்க முடியும். அது எனக்குத் தெரியும். தெரிந்தே, மகளை மடியில் அணைத்துக்கொண்டு, கண்டரமாணிக்கத்தில் கேட்ட அதே வேகத்தில் பாடினேன். அடியின் கடைசியை இழுத்தேன். மூன்றாம் அடியில் குரலை இறக்காமல் நிறுத்தி மூச்சு வாங்கினேன்.

பக்கத்தில் இருந்த அம்மாள் பணியாரத்தைத் தட்டில் வைத்தார். யாரோ "முருகா" என்றார்கள். ஆச்சி கையை உயர்த்தினார்.

"போதும் ஆத்தா."

அவர் என்னிடம் கேட்கவில்லை. அண்ணன் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவும் இல்லை.

"ஏப்பா, இது உங்க மெட்டுன்னுதானே சொன்னீக?"

"ஆமாங்க ஆச்சி. நானும் வீட்டுக்காரியும் சேர்ந்து..."

"உங்க மெட்டுன்னா, இதை எந்த வீட்டுல பாடுவாகன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணுமே. நடுக்கூடத்துல கிடத்திப் போட்டு, சுத்தி உக்காந்து பாடுறதை எம் மக மணவறைக்கு வாரப்பப் போடலாம்னு கொண்டாந்தீகளா?"

அண்ணனுக்கு அரை நிமிடம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் அவர் கண் என் மேல் வந்தது. அவருக்கு இரண்டு வழிதான் இருந்தது. மெட்டு தன்னுடையது என்றால் கல்யாண வீட்டுக்கு ஒப்பாரி கொண்டுவந்தவர் அவர். இல்லையென்றால்...

"ஐயோ, என்ற மெட்டு இல்லீங்க. இந்தப் பொண்ணு போட்டதுங்க. எனக்குச் சத்தியமா ஒண்ணும் தெரியாதுங்க."

"மத்த வீட்டுக்கெல்லாம் குடுத்தீகளே, அது?" என்றார் ஆச்சியின் தங்கை.

"அதுவும் இந்தப் பொண்ணுதானுங்க. எட்டுமே இந்தப் பொண்ணு போட்டதுதான். வரியும் மெட்டும் எல்லாமே."

இத்தனை நாள் நான் கேட்க நினைத்த வாக்கியம். இருபது பேர் முன்னால், அவர் வாயால். அதைக் கேட்டபோது என் உடம்பு முழுக்க ஓடிய குளிர்ச்சியை நான் மறைக்கப் போவதில்லை.

ஆச்சி அதன் பிறகுதான் என்னிடம் வந்தார். "நீ தெரிஞ்சேதான் குடுத்தியா ஆத்தா?"

பொய் சொல்லியிருக்கலாம். "தெரியும் ஆச்சி. கல்யாணத்தன்னைக்கு வரைக்கும் விடக் கூடாதுன்னுதான் இன்னைக்கு வந்தேன்" என்றேன்.



"உஞ் சண்டைய உன் வீட்டு நடையில போட்டிருக்கலாம்" என்றார் ஆச்சி. பிறகு உள்ளே பார்த்து, "வெயிலா இருக்கு. புள்ளைக்காரியை கார்ல கொண்டுபோய் விடச் சொல்லு" என்றார்.

கல்யாணப் பெண் போனை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். நான் எழுந்து போகும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. அது மட்டும் இன்னும் உறுத்துகிறது.

மறுநாள் மகளுக்குக் காய்ச்சல். அந்தப் பாவம்தானோ என்று பயந்துபோனேன். மாமியாரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் உப்பும் மிளகாயும் எடுத்துப் பிள்ளைக்குச் சுற்றி அடுப்பில் போட்டார். பிறகு கேட்டார்.

"பாட்டு உன்னுதுன்னு அவன் வாயால சொன்னானா?"

"சொன்னாரு அத்தை."

"அப்ப மருந்தைக் குடு. புள்ளைக்குப் பல்லு மொளைக்கிது, வேற ஒண்ணும் இல்ல."

பேச்சு ஊருக்குள் பரவ இரண்டு நாள் ஆகவில்லை. ஒப்பாரிக்காரர் என்று அண்ணனுக்குப் பெயர் விழுந்தது. அடுத்த முகூர்த்தங்களுக்கு அவரிடம் பேசியிருந்த வீடுகள் ஒவ்வொன்றாக வேண்டாம் என்றன. எனக்கும் பெயர் கிடைத்தது. கல்யாணத்துக்கு எழவுப் பாட்டு எழுதினவள். காய்கறிக் கடையில் ஒருத்தி இன்னொருத்தியிடம் என்னைக் காட்டிச் சொன்னது என் காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்து அடுப்படியில் தனியாக நின்று சிரித்தேன். பிறகு, இப்படிச் சிரிக்கிறோமே, நாம் நல்ல பெண்தானா என்று யோசித்தேன். யோசித்துவிட்டு மறுபடி சிரித்தேன்.

அண்ணன் ஒரே ஒரு முறை கூப்பிட்டார். "எம் பேரையே கெடுத்துட்டியே தங்கச்சி."

"பேரைப் போட்டா தொந்தரவுன்னு நீங்கதானேண்ணே சொன்னீக" என்றேன்.

ஒரு வாரம் கழித்து அண்ணி வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றே ஹார்ட் டிஸ்க்கை நீட்டினார். "எட்டும் இருக்கு. உன் குரலோட. போதுமா?"

"போதும் அண்ணி. காப்பி குடிச்சிட்டுப் போங்க."

"வேண்டாம்" என்று படி இறங்கிவிட்டார். அண்ணியும் என் பாட்டுகளைத் தன் குரலில் பாடியவர்தான். இருந்தாலும் அந்தக் கூடத்தில் எனக்கு இடம் கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.

டிஸ்க் பிள்ளையின் துணி அலமாரியில், ஸ்வெட்டருக்கு அடியில் மூன்று மாதம் கிடந்தது. எப்போது வெளியிடப் போகிறாய் என்று கணவர் கேட்டார். "அவ நடக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்றேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று உறைத்தது. அன்றே மகள் மதியம் தூங்கும்போது லேப்டாப்பை எடுத்து எட்டையும் கேட்டேன். நாலாவது பாட்டின் ஆரம்பத்தில், தாளம் தொடங்குவதற்கு முன்னால், "சுருதி சரியாண்ணே?" என்று கேட்கிறேன். "அருமை தங்கச்சி. இதுதான் ஆல்பத்தோட உயிரு" என்கிறார் அவர். பொய்யாகத் தெரியவில்லை. அதை வெட்டாமல் விட்டேன்.

பாக்கி மிக்ஸிங்கை வெளியே கொடுத்துவிடலாம். ஆனால் வெளியிட வேண்டுமானால் பாட்டுக்குப் பாட்டு பெயர் போட வேண்டும். இசைக் கோர்ப்புக்கு அண்ணன் பெயரையும் கீபோர்டுக்கு அண்ணி பெயரையும் போட்டேன். அவர்கள் செய்ததை நான் செய்யக் கூடாது. வரி, குரல், மெட்டு என்று என் பெயரை ஏழு பாட்டுக்கு எழுதினேன். நாலாவதில் மெட்டு என்ற இடத்தில் கை நின்றுவிட்டது.

மூச்சு வாங்கிய அந்த அம்மாவின் பெயர் எனக்குத் தெரியாது. அன்று கேட்கவில்லை. என்னிடம் இருந்து அண்ணன் எடுத்தது போலத்தான் நானும் எடுத்திருக்கிறேன், சும்மா கிடக்கிறது என்று. இது அண்ணனுக்கு இன்னும் தோன்றவில்லை. தோன்றினால் அவர் விடமாட்டார், நான் மட்டும் விட்டேனா?

வரும் ஞாயிற்றுக்கிழமை மகளைத் தூக்கிக்கொண்டு கண்டரமாணிக்கம் போகிறேன். பெரியம்மாவுக்கு அந்த அம்மாவைத் தெரிந்திருக்கும். அண்ணன் போய் நிற்பதற்கு முன்னால் நான் போய் அந்த அம்மாவிடம் பெயரும் சம்மதமும் கேட்டாக வேண்டும்.